குதிரை 271... பிரேக் எப்படி?

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு கிரிக்கெட் ஸ்கோர். எனக்குப் பழைய அமெரிக்கக் கார்களின் ஸ்பெசிஃபிகேஷன் படிக்கிற வியாதி! அதுவும் 1960-களில் வந்த கார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வீல்பேஸ் எத்தனை அங்குலம், என்ஜின் எத்தனை ஸி.ஸி., கார்புரேட்டர் ஒன்றா மூன்றா என்று ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். ''நாளைக்கே வாங்கிட்டு வரப்போற மாதிரியில்ல படிக்கிறீங்க... ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டாச்சா?'' என்பாள் மனைவி. நியாயமான கேள்வி.

இத்தனை வருஷம் படித்ததில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் என்பது கல்யாண மார்க்கெட்டில் சுற்றுகிற ஜாதகம் மாதிரி. யோகமெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். தோஷம் பொடி எழுத்தில் இருக்கும்... பல சமயம் இருக்கவே இருக்காது!

வாங்க, அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்களை ஆட்டிப்படைத்த மூன்று கார்களின் ஜாதகத்தைப் புரட்டலாம்.

முதல் ஜாதகம்: மஸ்டாங்

பிறந்த தேதி 1964 ஏப்ரல் 17. இடம், நியூயார்க் உலகக் கண்காட்சி. தகப்பன் பெயர் ஃபோர்டு கம்பெனி. ஊரைக் கூட்டியவர் லீ ஐயக்கோக்கா. அப்போது அவருக்கு வயசு 39.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிறந்த அமெரிக்கக் குழந்தைகள் அறுபதுகளின் நடுவில் வாலிபர்களாகி, வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ''அப்பா ஓட்டுற படகு மாதிரி கார் இவங்களுக்கு வேணாம். சின்னதா, ஸ்டைலா, கைக்கு அடக்கமான விலையில ஒண்ணு வேணும்'' என்று கணக்குப் போட்டது ஃபோர்டு. எடை 2,500 பவுண்டைத் தாண்டக் கூடாது, விலை 2,500 டாலரைத் தாண்டக் கூடாது. இதுதான் ஐயக்கோக்கா கிழித்த கோடு.

எப்படிச் சாதித்தார்கள்? ரகசியம் ரொம்ப சிம்பிள். ஃபோர்டு ஏற்கெனவே 'ஃபால்கன்' என்று ஒரு சாதுவான குடும்பக் கார் விற்றுக்கொண்டிருந்தது. பால் வாங்க, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட என்று இருக்குமே, அந்த ஜாதி. அதன் அடிப்பாகம், என்ஜின், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே நீளமான மூக்கும் குட்டை வாலுமாக ஒரு புதுச் சட்டையை மாட்டினார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கூலிங் கிளாஸ் மாட்டின கதை!

ஆனால், என்ன அழகான கூலிங் கிளாஸ்! ஆரம்ப விலை 2,368 டாலர். அந்த வருஷம் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 6,600 டாலர். அதாவது, நாலரை மாத வருமானத்தில் ஒரு புத்தம் புது கார். அறிமுகத்துக்கு முந்தின நாள் ராத்திரி அமெரிக்காவின் மூன்று டி.வி. நெட்வொர்க்கிலும் ஒரே நேரத்தில் விளம்பரம். மறுநாள் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். ஒரே நாளில் ஏறத்தாழ 22,000 ஆர்டர். முதல் வருஷம் ஒரு லட்சம் போனால் போதும் என்று நினைத்தவர்கள், பன்னிரண்டு மாதத்தில் விற்றது நாலு லட்சத்துக்கும் மேல். 1966 மார்ச்சில் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது.

இதில் 'பிளிமத் பாரகூடா'வை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. கிறைஸ்லர் கம்பெனிக்காரர்களும் தங்கள் சாதுக் கார் 'வேலியன்ட்'டுக்கு இதே மாதிரி புதுச் சட்டை மாட்டி, மஸ்டாங்குக்குப் பதினாறு நாள் முன்னாடியே, ஏப்ரல் 1-ம் தேதி இறக்கினார்கள். முதல் சீஸனில் விற்றது 23,000 சொச்சம். மஸ்டாங்குக்கு அது ஒரு நாள் கூத்து!

மஸ்டாங் நம்பர் 1-க்கு ஒரு தனிக் கதை உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு டீலரிடம் பார்வைக்கு வைக்க அனுப்பிய வெள்ளை கன்வர்ட்டிபிள் அது. சீரியல் நம்பர் ஒன்று. விற்கக் கூடாத வண்டி. அங்கே வந்த ஒரு விமான பைலட், பார்த்ததும் மயங்கி, வாங்கிக்கொண்டு போய்விட்டார்! கம்பெனி பதறியடித்துத் திருப்பிக் கேட்டது. ''முடியாது'' என்று ஆசைதீர ஓட்டினார் மனிதர். கடைசியில் மஸ்டாங் பத்து லட்சத்தைத் தாண்டிய சமயத்தில், புத்தம் புது வண்டி ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் அதை மீட்க முடிந்தது. இப்போது அது டியர்பார்னில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தின் சொத்து.

சரி, ஸ்பெசிஃபிகேஷனுக்கு வருவோம். வீல்பேஸ் 108 அங்குலம். நீளம் 181.6 அங்குலம், அதாவது பதினைந்தடிக்குக் கொஞ்சம் மேல். 2,368 டாலருக்குக் கிடைத்தது ஆறு ஸிலிண்டர், சுமார் 2,800 ஸி.ஸி. என்ஜின், 101 குதிரை சக்தி, 3 கியர். இது 'சாதா'. 'ஸ்பெஷல்' கேட்டால் மெனு கார்டு நீளும். வி-8 என்ஜினில் 164 குதிரை, 200 குதிரை, 225 குதிரை... உச்சத்தில் 4,700 ஸி.ஸி., 271 குதிரை! இந்த 271-ஐ வாங்குகிறவருக்கு வாரன்ட்டி எவ்வளவு தெரியுமோ? 90 நாள் அல்லது 4,000 மைல். பெற்ற தகப்பனுக்கே பிள்ளை மேல் அவ்வளவுதான் நம்பிக்கை!

இப்போது பொடி எழுத்தைப் படியுங்கள். 101 குதிரைக்கும் சரி, 271 குதிரைக்கும் சரி, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் தனிக் காசு. அதுவும் காரோடு கூடவே வரவில்லை, பிற்பாடுதான் மெனுவில் சேர்ந்தது. சாதா மாடலின் டயர் 13 அங்குலம்.

ஓட வைக்க ஐந்து விதம் யோசித்தவர்கள், நிறுத்த ஒரே விதம்தான் யோசித்திருக்கிறார்கள். இதை அப்படியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஜாதகம்: ஜி.டி.ஓ.

மஸ்டாங் அழகன் என்றால் பான்டியாக் ஜி.டி.ஓ. அடியாள்.

பான்டியாக், அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. நடுத்தர சைஸ் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 5,400 ஸி.ஸி.க்கு மேல், என்ஜின் போடக் கூடாது என்று தலைமையகத்தில் ஒரு கட்டுப்பாடு. 1963 ஜனவரியில் 'ரேஸ் பக்கமே போகக் கூடாது' என்று இன்னொரு உத்தரவு. பான்டியாக்கின் தலைமை என்ஜினீயர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் ஆபீஸ் விதிகளைக் கரைத்துக் குடித்த நம்மூர் ஹெட் கிளார்க் மாதிரி யோசித்தார்கள். 'புதுக் காருக்குத்தானே தடை? நாம புதுக் காரே பண்ணலையே! இருக்கிற லீமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷன் பாக்கெட்தானே கொடுக்கிறோம்...'

விலை 295 டாலர் சொச்சம். பாக்கெட்டுக்குள்ளே 389 கன அங்குல வி-8 என்ஜின், கிட்டத்தட்ட 6,400 ஸி.ஸி.! சாதாவாக 325 குதிரை. மூன்று கார்புரேட்டர் வைத்த 'ட்ரை-பவர்' கேட்டால் 348. ஐயாயிரம் போனால் பெரிசு என்று நினைத்தார்கள். 1964 மாடலில் மட்டும் 32,450 போயிற்று. 'மஸில் கார்' என்று பின்னால் ஒரு பரம்பரையே கிளம்பியதற்குப் பிள்ளையார் சுழி இதுதான் என்பார்கள்.

பெயரிலேயே ஒரு குசும்பு. ஜி.டி.ஓ. என்பது ஃபெராரி வைத்திருந்த பெயர். இத்தாலி மொழியில், பந்தயத்துக்கென்று முறைப்படி அங்கீகாரம் பெற்ற வண்டி என்று அர்த்தம். பான்டியாக்குக்கு அப்படி ஒரு அங்கீகாரமும் கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய டாக்டர் பட்டத்தைத் தன் வாசல் போர்டில் எழுதிக்கொண்ட மாதிரி!

1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இரண்டு ஜி.டி.ஓ.வையும் ஒப்பிட்டுக் கட்டுரை போட்டது. பான்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியது என்று அச்சடித்தார்கள். நாடே வாய் பிளந்தது. பல வருஷம் கழித்து, பான்டியாக்கின் விளம்பர மூளையாக இருந்த ஜிம் வேங்கர்ஸ் உண்மையைப் போட்டு உடைத்தார். சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது 389 கன அங்குல என்ஜினே இல்லை, அதைவிடப் பெரிய 421!

சரி, பிரேக்? அதே கதைதான். 348 குதிரையையும் நாலு டிரம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஜி.டி.ஓ.வுக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1967 மாடலில்.

அது என்ன, டிரம் என்றால் அவ்வளவு மட்டமா என்று கேட்பீர்கள். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால், மூடிய டப்பாவுக்குள் உராய்கிற பிரேக் அது. வேகத்தில் நாலைந்து முறை அடுத்தடுத்து அழுத்திப் பிடித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் டிரம் கொதித்துப் போகும், பிடிப்பு குறையும். நீங்கள் அழுத்திக்கொண்டேதான் இருப்பீர்கள், வண்டியும் போய்க்கொண்டேதான் இருக்கும். இதோடு இன்னொன்று. அன்றைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் ஆயிலுக்கு ஒரே வழித்தடம். எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நாலும் காலி. முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று பிரித்த ஏற்பாடு எல்லாக் கார்களிலும் பரவியது 1967 மாடல்களில்தான்.

குதிரைக் கணக்கு

இந்தக் குதிரைகளையே கொஞ்சம் எண்ணிப் பார்ப்போமா? அறுபதுகளில் அவர்கள் அச்சடித்தது 'கிராஸ்' கணக்கு. என்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்ஸர் மாதிரி மூச்சடைக்கிற சமாசாரங்களையெல்லாம் கழற்றிவிட்டு அளந்த சக்தி. காருக்குள் வைத்துப் பூட்டினால் அது கிடைக்காது. நம் சம்பள ஸ்லிப்பில் 'கிராஸ்' பார்த்து சந்தோஷப்பட்டு, 'நெட்' பார்த்துப் பெருமூச்சு விடுவோமே, அதே வித்தியாசம்தான்!

1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்கையும் சேர்த்தே வெளியிட்டது. பெரிய என்ஜின் கார்வெட் காருக்கு கிராஸ் 365, நெட் 285. எண்பது குதிரை பிடித்தம்! 1972 மாடல்களிலிருந்து நெட் கணக்குதான் அச்சில் வந்தது.

இதற்கு நேரெதிர்ப் பித்தலாட்டமும் நடந்தது. பந்தய வகுப்புப் பிரிக்கிறவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் குதிரையை எண்ணிப் பார்க்க ஆரம்பித்ததும், சில கம்பெனிகள் வேண்டுமென்றே குறைத்து எழுதின. 1968-ல் ஃபோர்டின் '428 கோப்ரா ஜெட்' என்ஜினுக்கு அச்சில் 335 குதிரைதான். ஓட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1967-ல் வந்த கமாரோ இஸட்-28-க்கு 290 என்று போட்டதையும் யாரும் நம்பவில்லை. ஆள் பார்த்துச் சம்பளம் சொல்கிற வித்தைதான். வரன் பார்க்க வந்தால் ஒன்று, கடன் கேட்டு வந்தால் ஒன்று!

மூன்றாவது ஜாதகம்: கார்வேர்

இதுவரைக்கும் சிரித்தோம். இந்த ஜாதகம் அப்படியில்லை.

1960 மாடலாக வந்தது ஷெவர்லே கார்வேர். அமெரிக்கக் கார்களிலேயே அது ஒரு புரட்சி. என்ஜின் பின்னால்! அலுமினியத்தில் ஆறு ஸிலிண்டர், சுமார் 2,300 ஸி.ஸி., ஆரம்பத்தில் 80 குதிரை. தண்ணீரே வேண்டாம், காற்றே குளிர்விக்கும். ரேடியேட்டர் இல்லை, கொதிக்கும் என்ற பயமும் இல்லை. ஸ்பெசிஃபிகேஷன் பிரியன் என்ற முறையில் எனக்கு இன்றைக்கும் பிடித்த என்ஜின்.

வில்லங்கம் பின் சக்கரத்தில் இருந்தது. 'ஸ்விங் ஆக்ஸில்' என்று ஓர் அமைப்பு. கதவுக்குக் கீல் மாதிரி, கியர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் கீல் வைத்துச் சக்கரம் மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பினால் காரின் பின்பக்கம் தூக்கிக்கொள்ள, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அது சட்டென்று பிடிப்பை இழந்தால் கார் சுழலலாம், புரளவும் புரளலாம்.

கம்பெனி இதற்குச் சொன்ன வைத்தியம் டயரில் காற்று. முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு. கையேட்டில் எழுதியும் இருந்தது. ஆனால், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற பையனுக்குக் கையேடு தெரியுமா? நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் முடிந்தது கதை. இந்த ஆட்டத்தை அடக்க முன்பக்கம் ஒரு கம்பியைக் குறுக்கே பொருத்தியிருக்கலாம். சில டாலர் செலவுதான். 1964 மாடலில்தான் அது எல்லா வண்டிக்கும் வந்தது. 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மொத்தமாக மாற்றி, பிரமாதமான கார் ஆக்கினார்கள்.

அதே 1965 நவம்பரில் ஒரு புத்தகம் வந்தது. 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்'. எந்த வேகத்திலும் ஆபத்து என்று அர்த்தம். எழுதியவர் ரால்ஃப் நேடர், முப்பத்தொரு வயசு வக்கீல். முதல் அத்தியாயமே கார்வேர்தான். ஆனால், புத்தகம் கார்வேரோடு நிற்கவில்லை. மோதினால் டிரைவரின் நெஞ்சில் ஈட்டி மாதிரி பாய்கிற ஸ்டீயரிங் தண்டு, முகத்தைக் கிழிக்கிற டாஷ்போர்டு... ஸ்டைலுக்குச் செலவு செய்கிற கம்பெனிகள் உயிருக்குச் செலவு செய்வதில்லை என்று பட்டியல் போட்டார்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்திருக்க வேண்டும்? பதில் சொல்லியிருக்க வேண்டும். செய்தது என்ன? நேடருக்குப் பின்னால் துப்பறிகிறவர்களை அனுப்பியது! விஷயம் வெளியே வந்து நாறியது. 1966 மார்ச் 22-ம் தேதி, உலகத்தின் மாபெரும் கார் கம்பெனியின் பிரஸிடென்ட் ஜேம்ஸ் ரோச், செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். நேடர் வழக்கும் போட்டார். 1970-ல் 4,25,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது கம்பெனி.

கார்வேர் அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. மஸ்டாங் ஒரு பக்கம் அடி, நேடர் மறுபக்கம் இடி. 1965 மாடலில் இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரான கார், 1969-ல் வெறும் 6,000. அந்த மே மாதத்தோடு மூடுவிழா.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பழைய கார்வேரைச் சோதித்துப் பார்த்து, அதன் காலத்து மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. கார்வேர் ரசிகர்கள் இதை வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, இது மற்ற கார்களுக்குக் கிடைத்த சர்டிஃபிகேட் மாதிரி தெரியவில்லை!

பரிகாரம்

1960-ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 36,000 பேர். 1966-ல் அது 50,000-ஐத் தாண்டியது. மஸ்டாங்கும் ஜி.டி.ஓ.வும் மட்டுமா காரணம்? இல்லை. கார் பெருகியது, ஓடுகிற தூரம் பெருகியது. ஆனால், மோதினால் உள்ளே இருக்கிறவன் பிழைக்க வேண்டும் என்று யோசித்துக் கட்டிய கார்கள் அரிது.

1966 செப்டம்பர் 9-ம் தேதி வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். இடித்தால் மடங்கிக்கொள்கிற ஸ்டீயரிங் தண்டு, தோளோடு சேர்த்துப் பிடிக்கிற ஸீட் பெல்ட் எல்லாம் 1968 ஜனவரியிலிருந்து கட்டாயமாயிற்று. தலைக்கு அணை 1969-ல். மூன்று முனை ஸீட் பெல்ட்டை ஸ்வீடனில் வால்வோ கம்பெனி 1959-லேயே காரில் பொருத்தி விற்க ஆரம்பித்துவிட்டது. அட்லான்டிக்கைத் தாண்ட அதற்கு ஒன்பது வருஷம்!

பலன்? 1966-ல் அமெரிக்காவில் வாகனங்கள் பத்துக் கோடி மைல் ஓடினால் சுமார் ஐந்தரைப் பேர் இறந்தார்கள். 2019-ல் அதே தூரத்துக்குச் சுமார் 1.1 பேர். சாலை, ஆஸ்பத்திரி, குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. காருக்குப் பெரிய பங்கு.

குதிரைகள் ஒழிந்துபோய்விட்டனவா என்றால், அதுதான் வேடிக்கை. 2018 ஆகஸ்டில் ஒரு கோடியாவது மஸ்டாங் தயாரானது. நம்பர் 1 மாதிரியே வெள்ளை, அதே மாதிரி கன்வர்ட்டிபிள், அதே மாதிரி வி-8. நம்பர் 1-க்கு 164 கிராஸ் குதிரை. கோடியாவதற்கு 460, அதுவும் பிடித்தமெல்லாம் போக நெட். கூடவே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ்., ஏர் பேக். பாதுகாப்பு வந்தால் ஜாலி போய்விடும் என்று அன்றைக்கு அழுதவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

அறுபதுகளின் கார்களை நான் இன்னும் காதலிக்கிறேன். மஸ்டாங்கின் மூக்கு, ஜி.டி.ஓ.வின் உறுமல், கார்வேரின் துணிச்சல்... மூன்றும் மூன்று விதம். ஆனால், அவற்றின் ஜாதகத்தைக் கீழேயிருந்து மேலே படிக்கப் பழகிக்கொண்டேன். முதலில் பிரேக், அப்புறம் டயர், அப்புறம் பெல்ட், கடைசியில்தான் குதிரை.

நீங்களும் அடுத்த தடவை பைக்கோ காரோ வாங்க ஷோரூம் போனால், சேல்ஸ்மேன் ''பவர் பாருங்க சார்!'' என்பார். பாருங்கள். பார்த்துவிட்டு, ''நிக்குமா?'' என்று கேளுங்கள். அவர் அந்தப் பக்கத்தைத் தேட எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன்தான்!